சிரித்த முகத்தில் நான் போட்ட டிக்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. படிப்பு ஆறாம் வகுப்போடு சரி, அதுவும் ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டப் பள்ளியில். ஒரு வாக்கியத்தை எங்கே முடிப்பது என்று தெரியாமல் இழுத்துக்கொண்டே போவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். மறதியும் சேர்ந்துவிட்டது. எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்று குழம்புகிறது. சில பேச்சுகள் மட்டும் சொன்னவருடைய குரலோடு அப்படியே காதில் இருக்கின்றன. அவற்றை நம்பித்தான் எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்க வராது. காகிதம் என் முகத்தைப் பார்க்காது அல்லவா.

தலைநகரில், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நான் பல வருடம் துப்புரவு வேலை செய்தேன். கிள்ளானிலிருந்து காலை கொமுட்டர் ரயிலில் போய், மாலை அதே ரயிலில் திரும்புவேன். அந்தப் பெரிய நோய்க்காலம் முடிந்து ஆட்கள் வெளியே நடமாட ஆரம்பித்தபோது, கல்லூரி கிள்ளானில் ஒரு கடைவீட்டு மேல்மாடியை வாடகைக்கு எடுத்தது. கீழே வாழை இலைச் சாப்பாட்டுக் கடை. மேலே ஒரு அறை, அதில் பெரிய டிவி, பன்னிரண்டு நாற்காலி. வேலை பார்த்துக்கொண்டே டிகிரி படிக்கிறவர்கள் சனிக்கிழமை அங்கே வந்து, பிரிக்பீல்ட்ஸில் எடுத்த பாடத்தை வீடியோவில் பார்க்க வேண்டும். "ஆன்டி வீடு அங்கதான, நீங்களே பாத்துக்குங்க" என்று சாவியை என் கையில் கொடுத்தார்கள். கதவைத் திறப்பது, ஏர்கோன் போடுவது, டிவியைப் போடுவது, ஒரு பிளாஸ்க் நிறையத் தே ஓ, அதாவது பால் ஊற்றாத தேநீர், கலக்கி வைப்பது, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்குவது, எல்லாரும் போன பிறகு தரையைத் துடைப்பது. இவ்வளவுதான் வேலை.

அந்தப் பன்னிரண்டு பேரில் என் மகளும் ஒருத்தி. நான்தான் சேரச் சொன்னேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அவள் பாலர் பள்ளியில் உதவியாள். பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட்டு, சாப்பாடு ஊட்டி, தூங்க வைப்பாள். ஆசிரியை வராத நாளில் பாடமும் அவள்தான் நடத்துவாள். நாற்பது வயது நெருங்கிவிட்டது. டிகிரி முடித்தால் வகுப்பை அவள் கையிலேயே கொடுப்பதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை மேடை ஏறிச் சான்றிதழ் வாங்கியதில்லை. அவள் வாங்குவாள் என்று நான் ரகசியமாக ஒரு சேலைகூடப் பார்த்து வைத்திருந்தேன்.

என்ன படித்தாலும் எல்லாரும் தேற வேண்டிய ஒரு பாடம் இருந்தது, புள்ளியியல். இரண்டு செமஸ்டர். பன்னிரண்டு பேரும் பயந்த பாடம் அது. டிவியில் வந்த விரிவுரையாளர் நல்ல மனிதர்தான், ஆனால் இங்கிலீஷில் மழை மாதிரிக் கொட்டுவார். முதல் வாரம் என் மகள் புரியாத இடத்தில் பழக்க தோஷத்தில் கையைத் தூக்கிவிட்டாள். அவர் பாட்டுக்கு டிவியில் பேசிக்கொண்டே போனார். போர்ட் கிள்ளான் கிடங்கில் ஷிப்ட் வேலை செய்யும் ஒரு தம்பி பின்னாலிருந்து சொன்னான்:

"எறக்குங்கக்கா. அவருக்கு நம்மளத் தெரியாது. நேத்து ராத்திரி சாப்ட்டுத் தூங்கிட்டாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் கையை இறக்கிய பிறகும் காது மடல் சிவந்தே இருந்ததை நான் பார்த்தேன்.

முதல் செமஸ்டரில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. காரணம், டீச்சர் இருந்தார். இரண்டாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் கல்லூரியிலிருந்து கொமுட்டரில் வந்துவிடுவார். ஐம்பது வயது இருக்கும். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடியோவை நிறுத்தி நிறுத்தித் தமிழிலும் மலாயிலும் எடுத்துச் சொல்வார். பின்னால் நின்று கேட்ட எனக்கே சிலது புரிந்தது. சராசரி எதை மறைத்துவிடும் என்று ஒரு நாள் சொன்னார்:

"கீழ இருக்க கடையில பன்னெண்டு பேரு உக்காந்தீங்க. பதினோரு எலைக்குச் சோறு வந்துருச்சி. கடைக்காரரு என்ன சொல்வாரு? எல்லாருக்கும் போட்டாச்சிம்பாரு. அந்தப் பன்னெண்டாவது ஆளு வயித்தப் போய்க் கேளுங்க. கணக்குல ரெண்டையும் பாக்கணும்."

"டீச்சர், பசியில இருக்கறப்ப சோத்தப் பத்திப் பேசாதீங்க லா" என்றான் போர்ட் கிள்ளான் தம்பி. அன்று எல்லாரும் கீழே போய் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். எனக்கு டாப்பாவ், ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். அந்தச் செமஸ்டரில் பன்னிரண்டு பேரும் தேறினார்கள். என் மகளுக்கு நல்ல புள்ளி.

இரண்டாவது செமஸ்டர் தொடங்குவதற்கு முன்னால் ஒரு பெண் வந்தாள். பங்சாரில் எங்கோ அலுவலகம். நம் பிள்ளைதான், ஆனால் தமிழைத் தேடித் தேடிப் பேசுவாள். கல்லூரி அவர்களை வைத்து ஒரு ஆய்வு நடத்துகிறதாம்.

"ஃபீசிபிலிட்டி ஸ்டடி ஆன்டி. அதாவது, டீச்சர் வராம வீடியோ மட்டும் வச்சே படிப்பு நடத்தலாமா, அது ஒத்து வருமான்னு பாக்கறோம். இந்த ஒரு செமஸ்டர் மட்டும் டீச்சர் வர மாட்டாங்க."

"அதுக்கப்பறம் வருவாங்களா?" என்று கேட்டேன். அவளிடம் நான் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"ரிசல்ட்டப் பாத்துட்டு முடிவு பண்ணுவாங்க."

வாராவாரம் வகுப்பு முடிந்ததும் ஆளுக்கு ஒரு ஃபாரம். இங்கிலீஷில் எட்டுக் கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஐந்து முகம், அழுகிற முகத்தில் தொடங்கிச் சிரிக்கிற முகம் வரை. ஒன்றில் டிக் போட வேண்டும். ஃபாரத்தில் பெயர் எழுத வேண்டாம். கையெழுத்துத் தாள் தனி. பன்னிரண்டு ஃபாரமும் தாளும் உறையில் போட்டு நான் வைத்திருந்தால், மாதம் ஒருமுறை அவள் வந்து எடுத்துக்கொள்வாள். "பன்னெண்டும் வரணும் ஆன்டி, கொறையக் கூடாது" என்றாள். பெரிய இடத்துப் பெண் சொன்னால் எனக்கு அது உத்தரவு.

முதல் இரண்டு வாரம் எல்லாரும் வந்தார்கள். டிவி பேசியது. யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தி என்ன செய்ய, விளக்கிச் சொல்ல ஆள் இல்லையே. மூன்றாவது வாரம் ஒன்பது பேர். ஐந்தாவது வாரம் ஐந்து பேர். மற்றவர்கள் வீட்டில் போனில் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். பார்த்தார்களா என்று கேட்க நான் யார்.

போர்ட் கிள்ளான் தம்பி ஒரு நாள் கீழே மோட்டாரை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டோடு மேலே ஓடி வந்தான்.

"ஆன்டி, எனக்கு ஷிப்ட் மாத்திட்டாங்க. நாலு வாரத்துக்கும் சேத்துக் கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். ஃபாரத்த நீங்களே டிக் பண்ணி வச்சிருங்க."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே தம்பி."

"மூஞ்சப் பாத்து டிக் போட இங்கிலீஷ் எதுக்கு? நல்ல மூஞ்சியாப் பாத்துப் போடுங்க."

அவனைப் பார்த்து மற்றவர்களும். மார்க்கெட்டுக்கு வந்த வழியில் ஒருத்தி, மதியச் சாப்பாட்டுக்கு வந்த வழியில் ஒருவர், எல்லாரும் மாடி ஏறி முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வருகை குறைந்தால் பரீட்சை எழுத விட மாட்டார்கள் என்று பயம். எனக்கும் ஒரு பயம் இருந்தது. ஆள் வராத அறைக்குக் கல்லூரி எதற்கு வாடகை கட்டும்? மூடிவிடுவார்கள். மூடிவிட்டால் டீச்சர் திரும்பி எங்கே வருவார்? அறை நிறைந்திருந்தால்தான் அடுத்த செமஸ்டர் டீச்சரை அனுப்புவார்கள் என்று நான் நினைத்தேன். இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு எனக்கு அது சரியான கணக்காகத்தான் தெரிந்தது.

அதனால் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, தரையைத் துடைத்துவிட்டு, ஈரம் காயும்வரை உட்கார்ந்து ஃபாரம் போட்டேன். வாரம் ஏழு ஃபாரம். எல்லாவற்றிலும் கடைசி முகம், பல் தெரியச் சிரிக்கிற முகம். ஒரு வீட்டுக்குப் போகிறோம், சாப்பாடு எப்படி என்று கேட்கிறார்கள், உப்பில்லை என்றா சொல்வோம்? கேட்ட முகம் வாடக் கூடாது. எனக்கு அப்படித்தான் பழக்கம்.

என் மகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவள் ஒரு வாரம்கூட விடவில்லை, பதினான்கு வாரமும் வந்தாள். முன் நாற்காலி. வீடியோ முடிந்ததும் நேரம் எடுத்து எட்டுக் கேள்வியையும் படித்து டிக் போடுவாள். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். எட்டும் அழுகிற முகம்.

"ஏன்மா இப்படிப் போட்ட? அந்தப் பொண்ணு மனசு கஷ்டப்படாதா?"

"படட்டும்மா. அதுக்குத்தான கேக்கறாங்க. எனக்கு ஒன்னுமே புரியலங்கறத வேற எங்க போய்ச் சொல்றது?"

"நீ ஒருத்தி மட்டும் கொற சொல்ற மாதிரி இருக்குமே."

"நான் ஒருத்தின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? மத்தவங்களும் இதத்தான் போட்டுருப்பாங்க."

நான் பிளாஸ்க்கைக் கழுவப் போய்விட்டேன். அவள் பாலர் பள்ளிக்குக் கிளம்பினாள், சனிக்கிழமை மதியம் அங்கே சுத்தம் செய்கிற வேலை. அவள் போன பிறகு மீதி ஏழு ஃபாரத்தையும் எடுத்து, இன்னும் அழுத்திச் சிரித்த முகத்தில் டிக் போட்டேன். இவள் முகத்தை அந்தச் சிரிப்புகளுக்குள் ஒளித்துவிட வேண்டும் என்று. புகார்க்காரி என்று பெயர் வாங்கிவிடக் கூடாது என்று.

மாதாமாதம் அந்தப் பெண் வந்து உறையை எடுக்கும்போது கேட்பாள், "எப்படி ஆன்டி, ஸ்டூடன்ஸுக்கு வீடியோ ஓகேவா?" சொல்லியிருக்கலாம். அறையில் நானும் அவளும் மட்டும்தான். ஆனால் அவள் கையில் ஒரு நோட்டு, நேராக என் கண்ணைப் பார்ப்பாள். "ஓகே லா" என்பேன். அவள் எழுதிக்கொள்வாள்.

செமஸ்டர் முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸுக்கு எங்களை அழைத்தார்கள். பரீட்சை முடிவு அப்போது வந்திருக்கவில்லை. நானும் மகளும் கொமுட்டரில் போனோம். பூமாலைக் கடை வரிசையைத் தாண்டும்போது எனக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துவிட்டாள். "உங்களுக்குத்தான்மா ஏதோ குடுக்கப் போறாங்களாம்" என்றாள்.

கல்லூரி மண்டபத்தில் அந்தப் பெண் திரையில் படம் காட்டினாள். இங்கிலீஷ்தான், ஆனால் கம்பம் கம்பமாக வரைந்திருந்ததால் எனக்கும் புரிந்தது. நாலைந்து ஊர் அறைகள். அதில் கிள்ளான் கம்பம்தான் உயரம். வருகையிலும் உயரம், சிரிப்பிலும் உயரம். எல்லாரும் கை தட்டினார்கள். என்னை மேடைக்குக் கூப்பிட்டு, அறையை நன்றாகப் பார்த்துக்கொண்டதற்கு ஒரு சிஜில் கொடுத்தார்கள். தங்க எழுத்தில் என் பெயர். எங்கள் குடும்பத்தில் மேடை ஏறிச் சான்றிதழ் வாங்கிய முதல் ஆள் நான்தான்.

டீச்சர் பின்வரிசையில் இருந்தார். வெளியே வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா பாத்துக்கிட்டீங்கக்கா. நீங்க பாத்துக்கிட்டதுல நான் இனி வரவே வேணாம்னுட்டாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அடுத்த செமஸ்டர் வருவீங்கல்ல டீச்சர்?"

"எதுக்குக்கா? நான் இல்லாமயே எல்லாரும் வந்திருக்காங்க, எல்லாரும் சந்தோஷமா இருந்திருக்காங்க. அதான் படத்துல காட்டுனாங்களே."

படிக்கட்டில் அப்படியே நின்றுவிட்டேன். பழைய இடம், நான் பல வருடம் துடைத்த படிக்கட்டு.

திரும்பும் ரயிலில் என் மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். சிஜில் அவள் மடியில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"மா, நம்ம ரூம்ல அஞ்சு பேருதான இருந்தோம். அவ்வளவு பேரு எப்ப வந்தாங்க?"

"எனக்கென்ன தெரியும். அவங்க கணக்கு" என்றேன்.

மூன்று வாரத்தில் பரீட்சை முடிவு வந்தது. பன்னிரண்டில் எட்டுப் பேர் தேறவில்லை, என் மகளும் அதில். மற்றவர்கள் திட்டிவிட்டு, சிலர் காசு கொடுத்து வெளியே டியூஷன் போனார்கள், சிலர் விட்டுவிட்டார்கள். போர்ட் கிள்ளான் தம்பி விட்டுவிட்டான். என் மகள் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதினாள். நான்கு நாள் உட்கார்ந்து எழுதினாள், அகராதியை வைத்துக்கொண்டு. பரீட்சையைத் திரும்ப எழுதப் போகிறோம், சனிக்கிழமைக்கு மட்டும் டீச்சரை அனுப்புங்கள், வீடியோவை நிறுத்திக் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்று.

பதில் வந்த அன்று நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் மேசையில் உட்கார்ந்து மனத்துக்குள் படித்தாள். பிறகு எனக்காகத் தமிழில் சொன்னாள்.

"ஆய்வு பண்ணி பாத்துட்டாங்களாம்மா. கிள்ளான்ல வீடியோவே போதும்னு தெரிஞ்சிருச்சாம். எல்லாருக்கும் திருப்தியாம். ஒரே ஒருத்தரத் தவிர." அடுத்த வரியைப் படித்தாள். "அந்த ஒருத்தருக்குச் சொந்தப் பிரச்சினை ஏதாச்சும் இருக்கலாமாம். ஆலோசகரப் பாக்கச் சொல்றாங்க."

மீன் கையோடு அப்படியே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு ஃபாரம், முன்கூட்டி வாங்கிய கையெழுத்து, சிரித்த முகம், அறை மூடிவிடுவார்கள் என்ற பயம், எல்லாம்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"மத்த நாலு பேரும் என்ன போட்டாங்க?"

"நடுவுல இருக்கற மூஞ்சி. சில பேரு சிரிச்ச மூஞ்சி."

"அவங்களும் மரியாதைக்கா?"

"தெரியல."

"என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல. பக்கத்துலதான உக்காந்திருந்தேன்."

அவ்வளவுதான் பேசினாள். கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்துவிட்டு, என் கையிலிருந்த மீனை வாங்கிக் கழுவினாள்.

மறுமுறை எழுதினாள், தேறவில்லை. அதற்குள் கிள்ளான் அறையையும் மூடிவிட்டார்கள். வீடியோவை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆய்வில் வந்துவிட்டதே, அறை எதற்கு. எனக்கும் வேலை போயிற்று. அதைப் பற்றி எனக்குக் குறையில்லை. டீச்சர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. என் மகள் இப்போதும் அதே பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுகிறாள். அவளைவிடப் பதினைந்து வயது குறைந்த ஒரு பெண் டிகிரியோடு வந்து வகுப்பை எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பாட்டும் கைவேலையும் சொல்லிக் கொடுப்பது என் மகள்தான்.

சிஜிலை என் மகள் சட்டம் போட்டுச் சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். நான் கழற்றினால் திரும்ப மாட்டுகிறாள். "இருக்கட்டும்மா, நம்ம வீட்டு சர்ட்டிபிகேட்" என்கிறாள். கிண்டலா, கோபமா, உண்மையாகவே சொல்கிறாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை.

அந்த ஆய்வை வைத்து இப்போது வேறு ஊர்களிலும் டீச்சர்களை நிறுத்துகிறார்களாம். அதனால்தான் கூச்சத்தை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். அந்த ஃபாரங்கள் யாரிடமாவது இருக்கும், தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள். கிள்ளான் ஃபாரக் கட்டை எடுத்துப் பாருங்கள். என் டிக் தனியாகத் தெரியும். நான் நீலப் பேனாவால் கீழிருந்து மேலே இழுப்பேன், வால் நீளமாக இருக்கும், எட்டும் ஒரே வரிசையில் நேராக இறங்கும். ஒன்பதாவது வாரமோ பத்தாவது வாரமோ, ஒரு ஃபாரத்தில் தே ஓ கறையும் இருக்கும். வாரம் ஏழு என்று எழுதியிருக்கிறேன், சில வாரம் ஆறாக இருந்திருக்கலாம், எட்டாகவும் இருந்திருக்கலாம். பதினான்கு வாரம் என்பதும் சரிதானா என்று பாருங்கள். படித்தவர் யாராவது உட்கார்ந்து என்னுடையதை எல்லாம் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் மறுபடி எண்ணிச் சொல்ல வேண்டும். மிச்சத்திலும் அந்த 'ஒரே ஒருத்தர்' ஒரே ஒருத்தர்தானா என்று எனக்குத் தெரிய வேண்டும்.